ஒரு ஆள் குறையுது

"ஒரு ஆள் குறையுது சார்."

புகார்ப் பிரிவு மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரிப்போர்ட் தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரமான பெண்ணை முறைத்தார். நாளைக்கு அந்த பஸ் கம்பெனியின் சிறந்த டிரைவர் விருது விழா. கேடயத்தில் பெயர் பொறிக்க நாலு மணிக்குள் லிஸ்ட் போயாக வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தானா இவள் குண்டைத் தூக்கிப் போட வேண்டும்!

"என்னம்மா குறையுது?"

"பத்து வருஷத்துக்கு மேல ஓட்டுறவங்க இருநூத்துப் பன்னிரண்டு பேர். நம்ம ரிப்போர்ட்ல வர்றது இருநூத்துப் பதினொண்ணுதான்."

"நமக்கு வேண்டியது மேல இருக்கிற ஒரு பேரு. புகார் யாருக்குக் கம்மியோ அவருக்கு விருது. இதோ, ஒரே ஒரு புகார். அனுப்பிடு."

"புகாரே இல்லாதவங்க?"

அவர் சிரித்தே விட்டார். "பஸ் ஓட்டி யார்கிட்டயும் திட்டு வாங்காத டிரைவரா? குதிரைக் கொம்பும்மா! இது நானே செஞ்ச ரிப்போர்ட். பன்னிரண்டு வருஷமா ஓடுது. மேலிடத்துல ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை." சொல்லும்போதே அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கம்ப்யூட்டர்ல டிரைவருங்க பட்டியல் இருக்கிற டேபிளையும் புகார் டேபிளையும் இன்னர் ஜாயின்ல சேர்த்திருக்கீங்க சார். ரெண்டுலயும் இருக்கிறவங்கதான் வருவாங்க. புகார் டேபிள்ல ஒரு வரிகூட இல்லாதவங்க லிஸ்டை விட்டே போயிடுவாங்க."

"ஒரு டிரைவருக்குப் பல புகார். ஒன்றுக்குப் பல. அதெல்லாம் எனக்கும் தெரியும்."

"அந்தப் 'பல' பூஜ்யமாவும் இருக்கலாமே சார்."

மேலாளரின் முகம் கடுகடுத்தது. "உனக்கு வேண்டியவங்க யாராவது இங்க டிரைவரா இருக்காங்களா?"

"ஐயோ, கேன்டீன்காரரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது சார்."

"யாரோட சிபாரிசுக்காகவும் ரிப்போர்ட்ல கைவைக்க விடமாட்டேன். என் சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி."

"லெஃப்ட் ஜாயின் போட்டு ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுறேன். புகார் இருந்தாலும் இல்லாட்டியும் டிரைவருங்க எல்லாரும் வந்துடுவாங்க. மேல வேற பேரு வரலைன்னா பழையதையே அனுப்பிடறேன்."

மணி மூன்றரை. "சட்டுனு முடி," என்றார்.

அவள் ஜாயினை மாற்றினாள். வரிகளை எண்ணினால் புகார் இல்லாதவருக்கும் ஒன்று என்று காட்டும். அதனால் புகார் எண்களை மட்டும் எண்ணச் சொன்னாள். திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் வரி புதிது.

"பாருங்க சார்! இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், புகார் பூஜ்யம்!"

மேலாளர் குனிந்து பெயரைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அவர் கண் கலங்கி அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை.

"இருபத்திரண்டு வருஷம்! ஒண்ணுகூட இல்ல!" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "அனுப்பும்மா. இத்தனை வருஷம் தப்பா லிஸ்ட் கொடுத்தது நான்தான்னு எழுது. கையெழுத்துப் போடறேன்."

"நீங்களே ஃபோன் பண்ணி அவங்களுக்குச் சொல்லிடுங்க சார்."

"நான் சொன்னா நம்பமாட்டாங்கம்மா," என்றார் மேலாளர், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். "'எனக்கு ஒரு புகாரும் கிடையாதுங்க'ன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டப்பல்லாம், 'உன் பேரு மேல வரலையே, ரிப்போர்ட் பொய் சொல்லாதுடி, முதல்ல வண்டியை ஒழுங்கா ஓட்டு'ன்னு பன்னிரண்டு வருஷமா நக்கலடிச்சிருக்கேன், கட்டின பொண்டாட்டியை!"