வாசிக்காமல் போட்ட கையெழுத்து

கடலில் ஒருநாளும் வராத மயக்கம் சிலுவைக்கு இந்தப் பெஞ்சில் வந்தது. அபராதம் விழுந்தால், தோணிக்குப் புதுப் பாய்மரம் வாங்குகிற காசு போய்விடும்.

“உமக்கு ரெண்டு தோணி. வரிக் கணக்குல ஒண்ணுதான் இருக்கு. யார் தப்பு?” நாற்காலியிலிருந்து கேள்வி வந்தது.

“கணக்கு எழுதின பர்னபாஸ் தப்பு சார். கூலி வாங்கிட்டுத்தான எழுதினான்.”

“வாசிக்காம கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான். ஆனா தோணி ஓட்டுற தண்டல் அத மணல்ல ஏத்திட்டா, தண்டலத்தான கேக்கணும்?”

“சரக்குக்காரன் தோணி முதலாளியத்தான கேப்பான்? பர்னபாஸ் மேல பழி போடாதேயும். அபராதம் நீர்தான் கட்டணும்.”

சிலுவை எழுந்துபோய், நாற்காலியில் இருந்த மனைவி ஞானசௌந்தரியின் மூக்கிலிருந்து தன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டான்.

“ஒத்திகை போதும் ஏளா. நாளைக்கு நெசமான ஆபீசர் இவ்வளவு நெருக்க மாட்டாரு. பர்னபாஸ் அவருக்குத் தம்பி இல்லையே.”