கார் ஷெட் வீடாகுமா?

"நீதிபதிங்க ஏழு பேரையும் பேஸ்கட்பால் கூடைக்குக் கீழயே உட்கார வெச்சிருக்காங்க பாருடி. பந்து விழுந்தா தீர்ப்பே மாறிடும்!" என்றாள் மார்லீன்.

பக்கத்தில் இருந்த ஓபல் சிரிக்கவில்லை. அவள் மகன் ராண்டலுக்கு ஜெயில் மூன்று வருடமா, ஒன்பது வருடமா என்பதுதான் அன்றைய ஆட்டம்.

மாநில உச்ச நீதிமன்றம் வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது சிற்றூருக்கு வந்து வழக்குக் கேட்கும். இந்தத் தடவை வில்லோ பெண்ட் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கம். பாதி ஊர் வந்திருந்தது. சட்டம் கேட்க அல்ல, கிளாடிஸ் ஹாஸ்கெல் தன் புருஷனைப் படுக்கையறையிலிருந்து துரத்திய கதையை அரசாங்கச் செலவில் கேட்க.

போன ஜனவரியில் ஹாஸ்கெல் வீட்டுக் கார் ஷெட்டின் பூட்டை உடைத்து வெல்டிங் மெஷினைத் தூக்கியவன் ராண்டல். அதை அவனே ஒப்புக்கொண்டான். வெறும் ஷெட் என்றால் மூன்று வருடம். ஆள் குடியிருக்கும் இடம் என்றால் ஒன்பது. கிளாடிஸின் கணவர் வெர்னன் குளிர்காலம் முழுக்க அங்கேதான் படுத்தார் என்று சொல்லி, கீழ்க் கோர்ட்டில் ஒன்பது போட்டுவிட்டார்கள்.

"ஒரு கட்டில் கிடந்தால் ஷெட் வீடாகிவிடுமா?" என்று கேட்டார் நடுவில் இருந்த பெண் நீதிபதி.

"கட்டில் மட்டுமில்லை, கனம் நீதிபதி அவர்களே. தினமும் சாப்பிட்டதும் மஞ்சள் கட்டம் போட்ட தலையணையோடு அவர் பின்வாசல் வழியாகப் போனதை மனைவி பார்த்திருக்கிறார். அவரும் ஆமாம் என்று சாட்சி சொல்லியிருக்கிறார்" என்றார் அரசு வக்கீல்.

"திருட்டு நடந்தபோது எங்கே போனார்?"

"வீட்டுக்குள், பாத்ரூமுக்கு."

அரங்கம் குலுங்கியது. முன்வரிசையில் வெர்னனின் காது சிவந்தது.

ஓபல் கிசுகிசுத்தாள். "ராண்டல் சத்தியம் பண்றான், மார்லீன். கட்டில் மேல பெயிண்ட் டப்பாதான் இருந்துச்சாம். ஆளு படுத்த சுவடே இல்லையாம்."

"திருடுனவன் சொன்னா யாரு நம்புவா? கோச்சுக்காத."

"உன் சமையலறை ஜன்னலுக்கு நேரா அந்த ஷெட்டுதானே? எந்தப் பூனை எங்க குட்டி போட்டுச்சுன்னு சொல்றவ நீ. ஒரு நாளாச்சும் அங்க விளக்கு எரிஞ்சுதா?"

"அந்தக் குளிர்ல எவ ஜன்னல் பக்கம் போனா!"

"இப்பவாச்சும் யாராவது வந்து சொன்னா?"

"எடுபடாதுடி. கீழ்க் கோர்ட்டுல பதிவானத வெச்சுதான் பேசுவாங்களாம், புது சாட்சியே கிடையாதாம். உன் வக்கீல்கிட்ட நானே கேட்டுட்டேன்."

"எனக்காகப் போயிக் கேட்டியா?" ஓபல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வசந்தத்தில் தீர்ப்பு வந்தது. மனைவி பார்த்திருக்கிறாள், கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே ஷெட்டும் வீடுதான். நான்கு நீதிபதிகள் அப்படி, மூன்று பேர் மாற்றி. ஒன்பது வருடம் நின்றுவிட்டது.

முதல் ஆளாக, தானே சுட்ட செர்ரிப் பழக் கேக்கோடு ஓபல் வீட்டுக்குப் போனவள் மார்லீன்தான். கூட அழுதாள். சட்டத்தைத் திட்டினாள். பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்தாள்.

பொழுது சாயத் தன் வீட்டுக்குத் திரும்பினாள். தெருவில் எல்லார் வீட்டுத் துணியும் கொல்லைக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் நேரே குளியலறைக்குள் போய், அங்கே மறைவாகக் காயப்போட்டிருந்த மஞ்சள் கட்டம் போட்ட தலையணை உறையைத் தொட்டுப் பார்த்தாள். வெர்னன் படுக்க வருவதற்குள் காய்ந்துவிடும்.