முகங்கொடுக்காதவர்

புருஷனிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் அவள் மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள்.

கீழே பெட்டி கட்டியாயிற்று. காலையில் ரயில். கோயம்புத்தூரில் மகள் வீடு. திரும்பி வருவதாக இல்லை.

மின்சாரம் போயிருந்தது. தெருவே இருண்டு கிடந்ததில் அவருக்குக் கொண்டாட்டம். தொலைநோக்கியைத் தெற்கே திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார்.

சில மாதங்களாகவே அவர் அவளுக்கு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. சோறு வைத்தால் அவள் காதைப் பார்த்துப் போதும் என்பார். எதிரே போய் நின்றால் பார்வை இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடும். கட்டியவள் முகம் அவ்வளவு கசந்துவிட்டதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதெல்லாம் அன்பா என்கிற வீம்பு அவளுக்கு. அவரோ கல்லுளிமங்கன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கூப்பிட்டார். ஒமேகா சென்டாரி ஏறிவிட்டதாம். ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகத் திரண்டு நிற்கின்றனவாம்.

கடைசியாக ஒரு தடவை என்று குனிந்தாள்.

அழுக்குப் பஞ்சு மாதிரி ஒரு மங்கல்.

இதுதானா என்றாள்.

"நேரா பாக்காத. நேரா பாத்தா மறைஞ்சிரும். பக்கத்துல பாரு, அப்பத்தான் அது தெரியும்."

கண்ணை ஓரத்துக்கு ஒதுக்கினாள். பஞ்சு உடைந்தது. ரவை சிந்தினாற்போல் பொடிப்பொடியாய் வெளிச்சம்.

ஆசைப்பட்டு நேரே பார்த்தாள். போய்விட்டது.

ஒதுக்கினாள். வந்தது.

பின்னால் அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பாக இல்லை.

"எனக்கு இப்ப எல்லாமே இப்படித்தான்."

அவள் குனிந்தபடியே இருந்தாள்.

பேப்பரைப் பிரிக்காமல் மடித்து வைத்தது. ஸ்கூட்டரைத் துருப்பிடிக்க விட்டது. வாசலில் வந்து நின்ற அவள் தம்பியை யாரென்று கேட்டது, அவன் கோபித்துக்கொண்டு போனது. எல்லாவற்றுக்கும் அவள் திமிர் என்று பேர் வைத்திருந்தாள்.

டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டாள்.

போனாராம். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டதாம். இனித் திரும்பாதாம். அவளிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லையாம்.

அவளைத் தேடித்தான் மனுஷன் அவள் காதைப் பார்த்திருக்கிறார். அவள்தான் எதிரே எதிரே போய் நின்று தன்னை மறைத்துக்கொண்டிருக்கிறாள்.

இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க அவர் சிவப்புக் காகிதம் சுற்றி வைத்திருந்த டார்ச்சை எடுத்தாள். தன் முகத்தில் அடித்துக்கொண்டாள்.

அவர் பார்வை காதோரம் வந்து நின்றது.

இந்த முறை அவள் நகரவில்லை.

வெகுநேரம் பார்த்தார்.

"எளச்சுப் போயிட்ட, தவமணி."