ஜிப் ஏறவில்லை

"இன்னிக்காவது ஏறுதாம்மா?" திரைக்கு வெளியே நின்று கேட்டார் தையல்காரர்.

உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜிப்பை இழுக்கும் சத்தம் வந்தது.

எங்கள் தெருத் தையல்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எதிர் மாடியில் துணி காயப்போட வந்தவரைக் கீழேயிருந்து ஒரு பார்வை பார்த்தே கோட் தைத்துக் கொடுத்தவர். அந்த மனிதர் அதற்கப்புறம் பருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை. அத்தனை பயம் கோட் மேல். அப்பேர்ப்பட்டவர் அளவெடுத்துத் தைத்த நீலக் கவுன்தான் மூன்று வாரமாக இந்தப் பெண்ணிடம் முரண்டு பிடித்தது.

"தள்ளுங்க, நான் போய் இழுத்து விடறேன்." பட்டன் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பக்கத்து மருந்துக்கடைக்காரம்மா திரைக்குள் நுழைந்தார்.

நுழைந்த வேகத்தில் குரல் வந்தது.

"அடக் கடவுளே! முதுகுல எலும்பை எண்ணிடலாம் போலிருக்கே! வீட்டுல என்னத்தம்மா திங்கறே?"

"திங்கறதில்லைங்க, குடிக்கறேன். காலையில பழச்சாறு, மத்தியானம் காய்ச்சாறு, ராத்திரி எலுமிச்சைத் தண்ணி."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா. இன்னும் எத்தனை நாள் தாங்கும்? மருந்துக்கடை வச்சிருக்கீங்களே, சொல்லுங்களேன்."

"ரெண்டு மூணு நாளைக்கே யோசிச்சுச் செய்யணும். அதுக்கு மேல போறதுன்னா டாக்டரைக் கேக்காம கூடவே கூடாது. தலை சுத்துதா? நெஞ்சு படபடங்குதா?"

"எப்பவும்."

"அப்ப இன்னிக்கே நிறுத்து. நேரா டாக்டர்கிட்ட போ. போற வழியில வயிறு முட்டத் தின்னுடாதே. இவ்வளவு நாள் காஞ்ச உடம்புக்கு அதுவும் ஆபத்து. எப்படி ஆரம்பிக்கணும்னு அவரே சொல்லுவார்."

"விருந்து முடியட்டுங்க. அவரோட ஆபீஸ் விருந்து. அவர் ஆசைப்பட்டு எடுத்துக் கொடுத்த துணி இது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவன் துள்ளி எழுந்தான்.

"நல்லா கேளுங்கம்மா! நானும் தலைபாடா அடிச்சுக்கறேன். நீ எப்படி இருந்தாலும் எனக்கு அழகுதான், ஒரு வாய் சாப்பிடுன்னு கெஞ்சறேன். மாட்டேங்கறா. கடைசியில நானே எழுந்து ஜூஸ் பிழிஞ்சு கொடுத்துட்டுத்தான் ஆபீஸ் போறேன். அதையாவது குடிக்கட்டுமே!"

மருந்துக்கடைக்காரம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, இப்படி ஒரு புருஷன் கிடைக்காம ஊர்ல எத்தனை பேர் தவிக்கறாங்க தெரியுமா? என் வீட்டுக்காரருக்கு நான் பட்டினியா இருந்தாலும் தெரியாது, பக்கத்து வீட்டுக்குக் குடி போனாலும் தெரியாது. உனக்கு எதுக்கு இந்த அழகுப் பைத்தியம்?"

பின்னால் அந்தப் பெண் வந்தாள். முதுகில் பாதியோடு நின்ற ஜிப்பை ஒரு சால்வை மறைத்திருந்தது. சால்வையெல்லாம் உதிர்ந்த முடி. நிற்க முடியாமல் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

"எடை மெஷின்ல வாரா வாரம் குறையுதுங்க. இங்க வந்தா ஜிப் அதே இடத்துல நின்னுடுது. ஒரு விரல்கூட மேல போகலை."

"அந்த மெஷின் பழசும்மா," என்றான் கணவன். "அதை நம்பி ஏமாறாதே. நாளைக்கே தூக்கிப் போட்டுடலாம்."

தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் வேணும்னா ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டுடறேனேம்மா. உள்ள துணி நிறைய இருக்கு."

"வேண்டாம் அண்ணே." அழுதாள். கண்ணீருக்குக்கூட உடம்பில் தண்ணீர் போதவில்லை போலிருந்தது. "கவுன் என்ன தப்பு பண்ணிச்சு? நீங்க அளவெடுத்துத்தானே தச்சீங்க. அளவு மாறினது நான். இன்னும் ஒரு வாரம் இருக்கே, வெறும் தண்ணி மட்டும் குடிச்சுப் பாக்கறேன்."

"வெறும் தண்ணியா? செத்துப் போயிடுவேடி பொண்ணே!"

"போனா போகுதுங்க. கண்ணாடியைப் பார்த்தாலே பிடிக்கலை. இப்படியே இருந்து மட்டும் என்ன செய்யப் போறேன்?"

பஸ் போய்விட்டது என்கிற மாதிரி சொன்னாள்.

அவள் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். கணவன் தோளில் சாய்த்து, படி படியாக இறக்கி, காரில் உட்கார வைத்தான். தலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணையைச் சொருகினான். வெயில் படாமல் ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டான்.

"தங்கமான மனுஷன். கொடுத்து வச்சவ, அனுபவிக்கத் தெரியலை." மருந்துக்கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் துணியை வாங்கிப் போனார்.

கணவன் திரும்பக் கடைக்குள் வந்தான். மேஜையில் கிடந்த கவுனைத் தையல்காரர் மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இந்தத் தடவை வேண்டாம் சார். அவங்களால நிக்கவே முடியலை. பாவம்."

"பாவம்தான் டெய்லர். அதனாலதான் நீ குண்டா இருக்கேன்னு இன்னிவரைக்கும் என் வாயால அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை." கவுனை எடுத்து உதறி மறுபடி அவர் முன்னால் விரித்தான். "போன வாரம் மாதிரியே ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் பிடிச்சிடுங்க."