ரிவால்வரும் பித்தளைப் பட்டனும்

இன்ஸ்பெக்டர் சவரிமுத்துவின் இடுப்பில் ஒரு பழைய தோல் உறை தொங்கியது. அதற்குள் இருந்த ரிவால்வருக்கு, உறையின் மூடியைப் பூட்டிவைத்திருந்த பித்தளைப் பட்டனைக் கண்டாலே ஆகாது.

"ஆபத்து நேரத்தில் அவர் கை வைத்ததுமே நான் வெளியே பாய வேண்டாமா? நீ குறுக்கே நிற்கிறாயே. கொஞ்சம் தளர்ந்துகொடேன்!" என்று தினமும் நச்சரிக்கும்.

"அது மட்டும் முடியாது அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பட்டன் வாயை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் சந்தையில் தேங்காய் வியாபாரிகள் இரண்டு பேருக்குள் அடிதடி. சவரிமுத்து கூட்டத்துக்குள் புகுந்தார். திடீரென்று ஒரு கை ரிவால்வரின் பிடியைப் பற்றி இழுத்தது. ரிவால்வருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, துள்ளி எழுந்தது. பட்டன் விடவில்லை. அந்தக் கை வெடுக்வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிட்டது.

"கெடுத்தாயே பாவி! இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அவர் என்னைக் கூப்பிட்டார்!" என்று ரிவால்வர் கொதித்தது.

"அவருடைய இரண்டு கையும் அப்போது சண்டைக்காரர்களைப் பிரித்துக்கொண்டிருந்தன அண்ணே" என்றது பட்டன்.

சவரிமுத்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு ரிவால்வர் மெல்லக் கேட்டது:

"தம்பி, இறுக்கமாகத்தானே இருக்கிறாய்?"