இருநூறு கிராம்

கொழுந்து மூட்டையைத் தூக்குவதுபோல மணியம்மா அந்தக் கறுப்பு லேப்டாப்பை ஒரு கையில் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ஒரு கிலோ எழுநூறு இருக்கும்," என்றாள்.

கேமரன் மலையில், கம்போங் ராஜாவில் பழைய லேப்டாப் விற்கும் நூர்தீனுக்குச் சிரிப்பு வந்தது. பார்சல் நிறுக்கும் தராசு பக்கத்திலேயே இருந்தது. வைத்துப் பார்த்தார். ஒன்று அறுநூற்றுத் தொண்ணூறு.

"தேயிலைத் தோட்டத்துல முப்பது வருஷம் பாய். கைக்குத் தெரியும்."

ஸ்பீக்கர் ரிப்பேருக்காக உட்கார்ந்திருந்த காய்கறி லோரி டிரைவர் பழனியப்பன் சும்மா இருப்பானா?

"அக்கா, லேப்டாப்ப யாராச்சும் நிறுத்து வாங்குவாங்களா? அந்தப் பெரிய ஸ்கிரீன் உள்ளத எடுங்க லா. அதே வெலதான், பளபளன்னு இருக்கு."

"அது ரெண்டரைக் கிலோ. தோட்டத்து லய வீட்டுலேர்ந்து பஸ் ரோட்டுக்குத் தூக்கிட்டு ஏறப் போறது நீயா தம்பி?"

கூட வந்த மகள் ரூபினிக்கும் கறுப்புதான் பிடித்திருந்தது. மூடியின் மூலையில் ஒரு கீறல். மற்றபடி ஏதோ ஆபீஸில் ஒழுங்காக ஓடிய பொருள்.

ரூபினி ஆறாம் படிவம் படிக்கிறாள், யுனிவர்சிட்டிக்கு முந்தின வகுப்பு. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. மழை பிடித்தால் லயத்தில் கரண்ட் போகும். கரண்ட் போனால் எழுதியதும் போகும். போன மாதம் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டிய கட்டுரையில் பன்னிரண்டு பக்கம் அப்படித்தான் போனது. அதைக் கொடுக்க வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். இன்னொரு தவணை கிடையாது என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"இது எவ்வளவு நேரம் தாங்கும் அங்கிள்?"

"கரண்ட் இல்லாம ஒரு மணி நேரம். பெரிய பேட்டரி போட்டா அஞ்சாறு மணி நேரம் ஓடும். அதுக்குத் தனியா நூத்தம்பது வெள்ளி."

லேப்டாப் விலையே எழுநூற்றைம்பது. மணியம்மா கொண்டுவந்தது எழுநூறு.

"எழுநூறுக்கு முடிச்சுக் குடுங்க பாய்."

"முடியாதுக்கா. ஒரு வெள்ளி குறையாது."

"படிக்கிற புள்ளைக்குத்தானே கேக்கறேன்."

"இங்க வர்ற எல்லாருமே படிக்கிற புள்ளைங்கதான்."

"வீணா கேக்காதீங்கக்கா," என்றான் பழனியப்பன். "எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டாரு."

ரூபினி தன் பையிலிருந்து பத்து வெள்ளித் தாள்கள் ஐந்தை எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிடக் கொடுத்த காசு. மணியம்மா அதையும் தன் பணத்தோடு சேர்த்து எண்ணிக் கொடுத்தாள். பெரிய பேட்டரியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

"ஒரு வாட்டி செக் பண்ணிட்டுத் தரேன்," என்று நூர்தீன் லேப்டாப்பைப் பின்னறைக்கு எடுத்துப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து, சார்ஜரை ரூபினியிடமும், பேப்பரில் சுற்றி டேப் ஒட்டிய லேப்டாப்பை மணியம்மாவிடமும் கொடுத்தார்.

மணியம்மா இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள்.

"பாய், இது நான் தூக்கின லேப்டாப் இல்ல."

"அதேதான்கா."

"இருநூறு கிராம் கூட இருக்கு."

நூர்தீன் முகம் ஒரு மாதிரி ஆனது. "பேப்பர் சுத்தியிருக்குல்ல. வீட்டுக்குப் போய்ப் பிரிங்க."

"பேப்பர் இருநூறு கிராமா?"

பழனியப்பன் எழுந்துவிட்டான். "நல்லதக் காட்டிட்டு, உள்ள போய் கனமான பழைய சாமான மாத்திட்டாரு. விடாதீங்கக்கா, நான் வீடியோ எடுக்கறேன். மொகத்தக் காட்டுங்க பாய், கேமரன் பூரா பாக்கட்டும்."

ரோட்டில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். மணியம்மா திரும்பி வந்து லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள்.

"எட்டு மாசம் சேத்த காசு பாய். இங்கயே பிரிங்க."

"வேணாங்கக்கா. சொன்னாக் கேளுங்க."

வேண்டாம் என்று சொன்னதுதான் வினையாகப் போனது. மணியம்மா நகத்தாலேயே டேப்பைக் கிழித்தாள்.

மூடியின் மூலையில் அதே கீறல். அதே லேப்டாப்தான். ரூபினி அதைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் புதிதாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் மெதுவாக. "பெரிய பேட்டரி."

பழனியப்பன் போனை இறக்கினான். இறக்கிய கையோடு கேட்டான், "அப்ப பாய், என் ஸ்பீக்கருக்கும் கொஞ்சம் பாத்துப் போட்டு..."

"இதுக்குத்தான்யா வாயத் தொறக்கல," என்றார் நூர்தீன். "ஒருத்தருக்குச் செஞ்சது தெரிஞ்சா, திரிங்காப்லேர்ந்து கோலா தெர்லா வரைக்கும் உள்ள ஊரெல்லாம் நாளைக்கு இங்க வந்து நிக்கும்."

பிறகு மணியம்மாவைப் பார்த்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"ஏன்கா, குறைஞ்சிருந்தா சண்டை போடலாம். கூடினதுக்குமா?"

மணியம்மாவால் தலை நிமிர முடியவில்லை. லேப்டாப்பை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"தப்புத்தான் பாய். முப்பது வருஷமா கொழுந்து நிறுத்துப் போடறேன். எடையில ஈரம்னு கழிப்பாங்க, சாக்குன்னு கழிப்பாங்க. அடுத்தவங்க கைக்குப் போயி எனக்குக் கூடி வந்தது இதான் மொதத் தடவ. எனக்கு அடையாளம் தெரியல."