இரண்டாவது டப்பா

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அவள் இரண்டாவது டப்பாவை நிரப்பிப் பள்ளிப் பையின் அடியில் செருகினாள். மேலே கணக்குப் புத்தகத்தை வைத்து மூடினாள்.

"தட்டுல இருந்ததெல்லாம் எங்கடி?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"சாப்பிட்டுட்டேன்."

"அத்தனையுமா?"

"வளர்ற பொண்ணு நல்லா சாப்பிடணும்னு நீதானே சொல்றே."

அம்மா அரிசி மாவில் முட்டையின் வெள்ளைக்கருவை விட்டுப் பிசைந்து, மிளகைத் தூவி, அடுத்த தட்டு பிஸ்கட்டுக்கு வட்டம் வட்டமாக வெட்ட ஆரம்பித்தாள்.

நான்கு மாதமாக அம்மாவுக்கு இந்தப் பைத்தியம். தையல் கடையில் நாளெல்லாம் குனிந்து தைக்கிறவள், விடிவதற்கு முன்பே எழுந்து மகளுக்கு ஆரோக்கியத் தின்பண்டம் செய்தாள். பாக்கெட் தீனி வீட்டுக்குள் வரக் கூடாது. உப்பு கிடையாது. பதினாறு வயதுப் பெண் ஆசைப்பட்டுக் கேட்டாலும் வாழைப்பழம் கிடையாது, நிலக்கடலை கிடையாது. கேரட்டைக்கூட இரண்டு தடவை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மாவில் சேர்ப்பாள்.

"சத்தெல்லாம் அந்தத் தண்ணியோட போயிடும்னு டீச்சர் சொன்னாங்கம்மா."

"டீச்சர் வந்து சமைச்சுப் போடட்டும். நானும் உக்காந்து சாப்பிடறேன்."

அவள் செருப்பை மாட்டும்போது அம்மா வாசல் வரை வந்தாள். கையெல்லாம் மாவு.

"அந்த ரெண்டாவது டப்பா யாருக்கு?"

அவள் குனிந்து செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். "ஃப்ரெண்டுக்கும்மா."

"பொண்ணா, பையனா?"

"பொண்ணுதான்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். "நொறுங்கிடாம எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த டப்பா பெண்ணுக்கும் இல்லை, பையனுக்கும் இல்லை. அப்பாவுக்கு.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா குடித்துவிட்டு, அவளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டிப் போய்ச் சுவரில் மோதினார். அவள் தாடையில் ஒன்பது தையல். அன்றைக்கே அம்மா அவர் துணிமணிகளைத் தெருவில் போட்டாள். "இந்த ஆளு செத்தாக்கூட எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க" என்று எதிர்வீட்டுக்காரர்கள் முன்னால் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பா என்ற சொல்லே கிடையாது.

கை முறிந்த தோழியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு சிறுநீரகமும் போய், வார்டிலேயே தங்கி, வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள் யாருமில்லை. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவள் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குத் தின்பண்டப் பைத்தியம் பிடித்தது வசதியாகப் போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை அப்பா ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தார்.

"அவ கைப்பக்குவம் மாறவே இல்லே" என்றார். "நான் சாப்பிடறேன்னு அவளுக்குத் தெரிஞ்சா டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவா."

"தெரியாதுப்பா. தெரியவும் விடமாட்டேன்."

இன்று வியாழன். நான்கு மணிக்கு அவள் மாடியேறிப் போனபோது ஜன்னலோரத்தில் அப்பாவின் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. மெஷினை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள்.

நர்ஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பதினொரு மணிக்கு, மெஷின்ல இருக்கும்போதே நெஞ்சு நின்னுபோச்சும்மா. எவ்வளவோ பார்த்தோம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் முதலில் வந்தது. அம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது? நான்கு மாதப் பொய்யை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது? சொன்னாலும் அம்மா வருவாளா? வராவிட்டால், கேட்க ஆளில்லாத பிணமாக அப்பா இங்கேயே கிடப்பாரா?

பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா அடித்தாலும் சரி, காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

"அக்கா, அப்பாவை வேற எங்கேயும் அனுப்பிடாதீங்க. நான் எப்படியாவது வீட்டுல சொல்லி ஆளைக் கூட்டிட்டு வரேன்."

நர்ஸ் புரியாமல் பார்த்தார். "ரெண்டு மணிக்கே வீட்டுக்குக் கொண்டுபோயாச்சேம்மா."

"யாரு கொண்டுபோனாங்க?"

"உங்கம்மாதான். நாங்க போன் பண்ணினதும் வேலையை விட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. ஸ்கூல் விடற நேரத்துக்கு உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பறேன்னாங்களே, பார்க்கலையா?"

"இல்லக்கா, நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அப்பா இங்க இருக்கறதே அம்மாவுக்குத் தெரியாது."

நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலு மாசமா அவருக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எங்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போறதே அவங்கதானேம்மா."